உருக்காலை ஊரில் ஓர் இனிப்பு மேஜை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒஹையோ மாகாணத்தில், க்ளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் ஏறக்குறைய நடுவழியில், மஹோனிங் ஆற்றின் கரையில் யங்ஸ்டவுன் என்றோர் ஊர் உளது. ஒரு காலத்தில் ஆற்றோரமாக மைல் கணக்கில் உருக்காலைகள் இரவு பகலாய் நெருப்பைக் கக்கிக் கொண்டிருந்தன. அவற்றின் கூலியை நம்பி இத்தாலியரும், ஸ்லோவாக்கியரும், ஹங்கேரியரும், போலந்து தேசத்தாரும் கடல் கடந்து வந்து இங்கே குடியேறினர். 1930-ஆம் ஆண்டில் ஊரின் ஜனத்தொகை 1,70,000. பின்னர் 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, பெரிய ஆலையொன்றை மூடப் போவதாக அறிவிப்பு வெளியாயிற்று. ஏறக்குறைய 5,000 பேரின் பிழைப்பு போயிற்று. மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியே சென்றன. அந்நாளுக்கு 'கருப்புத் திங்கள்' என்று ஊரார் பெயரிட்டிருக்கின்றனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி எஞ்சியோர் சுமார் 60,000 பேரே.

இப்படிப்பட்ட ஊரில் நாம் காணச் சென்றது ஒரு கலியாண மேஜையை! இப்பிரதேசத்து விவாகங்களில் கேக் ஒன்று மட்டும் போதாது. மண்டபத்தின் ஒரு புறம் நீண்ட மேஜைகளைப் போட்டு, டஜன் டஜனாகப் பலவகைப் பிஸ்கோத்துக்களை அடுக்கி வைக்க வேண்டும். 'குக்கி மேஜை' என்று அதற்குப் பெயர். அவற்றைக் கடையில் வாங்கி நிரப்புவது கௌரவக் குறைவாம். பாட்டி, அத்தை, சித்தி, அண்டை வீட்டார் ஆகியோர் தத்தம் அடுப்பில் வாட்டிக் கொணர்வதே முறை. நம் ஊர்களில் சீர் பக்ஷணத்துக்காகத் தெருப் பெண்கள் கூடி முறுக்குச் சுற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இவ்வழக்கம் தங்களிடமிருந்தே பிறந்ததென்று யங்ஸ்டவுன்காரரும் பிட்ஸ்பர்க்காரரும் வழக்காடுகின்றனர். மேஜையின் முன் நிற்பவனுக்கு அவ்வழக்கில் சிரத்தை செல்லாது.

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னதாக இத்தாலிய வம்சத்து மூதாட்டி ஒருவரின் சமையலறையில் நமக்கு இடம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் அவரை 'நோன்னா', அதாவது பாட்டி, என்றழைத்தனர். அன்றைய வேலை, சர்க்கரைப் பூச்சிட்ட அனீஸ் பிஸ்கோத்து. அனீஸ் என்பது நம் சோம்புக்கு உறவு. ஆயினும் சோம்பே அன்று. விதை சிறியது, மணம் இன்னும் இனியது. சோம்பு, அனீஸ், பிரியாணியில் இடும் அன்னாசிப்பூ ஆகிய மூன்றிலும் அனெத்தோல் என்னும் ஒரே பொருள்தான் முக்கியமாக மணக்கிறது. அன்னாசிப்பூவோ வேறு குடும்பத்து மரத்தின் காய்! இத்தாலியருக்கு அனீஸ் நேற்றைய பழக்கமன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் கேட்டோ, மாவில் அனீஸும் சீரகமும் சேர்த்து, புன்னை இலை போன்ற 'பே' இலைகளின் மேல் வாட்டும் அப்பமொன்றுக்குப் பக்குவம் எழுதி வைத்திருக்கிறார்.

நோன்னாவிடம் எழுதிய பக்குவம் ஏதும் இல்லை. மாவு எவ்வளவு என்று கேட்டால் 'க்வாந்தோ பாஸ்தா' என்பார். 'போதுமானவரை' என்று பொருள். தூர நகரமொன்றில் உத்தியோகத்திலிருக்கும் பேத்தி, தங்கையின் கலியாணத்துக்காக வந்தவள், இம்முறை அதனை விடுவதாயில்லை. பாட்டி அள்ளிய ஒவ்வொரு கையளவையும் கிண்ணத்தில் வாங்கி அளந்த பின்னரே கலக்க அனுமதித்தாள். பாட்டிக்குக் கோபம். "கைக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது" என்று முணுமுணுத்தார். பேத்தி பதிலே சொல்லாமல் எழுதிக் கொண்டாள். அவள் செய்ததே சரியென்பது நமது அபிப்பிராயம்.

அவள் குறித்த கணக்கு இது: மைதா மாவு 4 கிண்ணம், சர்க்கரை 1 கிண்ணம், உருக்கிய வெண்ணெய் அரைக் கிண்ணம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 4 தேக்கரண்டி, அனீஸ் சாரம் 2 தேக்கரண்டி. மாவு கையில் சற்றே ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவைத் தூவினால் பிஸ்கோத்து கல்லாகும். கையில் எண்ணெய் தடவிக் கொள்வதே உபாயம். நெல்லிக்காயளவு உருட்டி, 350 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் பத்து முதல் பன்னிரண்டு நிமிஷம் வாட்டினார்கள். அடிப்புறம் இலேசாகச் சிவக்க வேண்டும். மேற்புறமோ வெளுப்பாகவே இருக்க வேண்டும். மேலும் சிவந்தால் மென்மை போய்விடும்.

ஆறிய பிறகே பூச்சு. மாவாகப் பொடித்த சர்க்கரை 2 கிண்ணத்தில் பாலைச் சிறு கரண்டி கரண்டியாக விட்டு, அனீஸ் சாரம் சில துளி சேர்த்து, தோசை மாவினும் கெட்டியாகக் குழைத்தார்கள். பிஸ்கோத்தின் தலையை மட்டும் அதில் தோய்த்து நிமிர்த்தியதும், கசகசா போன்ற பல நிறச் சர்க்கரை மணிகளைத் தூவ வேண்டும். பூச்சு காய்ந்துவிட்டால் மணிகள் ஒட்டாமல் உருண்டோடும். மிக ஈரமாயிருந்தால் சாயம் கரைந்து வழியும். ஆகவே பேத்தி தோய்க்க, நோன்னா தூவினார். இதற்கு மட்டும் எழுத்தில் கணக்கில்லை. எப்பொழுது தூவுவதென்று பேத்தி இரண்டு முறை கேட்டும், பாட்டி மூன்றாவது தட்டில் அவள் கையைப் பிடித்துத் தாமே தூவச் செய்ததுதான் விடை.

கலியாணத்தன்று மேஜையில் பதினைந்து வகைக்குக் குறையாது இருந்தன. விருந்தினர் வீட்டுக்குக் கொண்டு செல்லச் சிறு காகிதப் பெட்டிகளும் அருகில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை நிரப்புவதில் யாருக்கும் வெட்கமில்லை. அனீஸ் தட்டுகள் முதல் மணி நேரத்திலேயே காலியாயின. நோன்னா எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு பேத்தியிடம், அடுத்த முறை இரு மடங்கு செய்ய வேண்டும், எழுதிக் கொள் என்றார்.