தொப்பி நாடா சொல்லும் கதை

ஜெர்மன் மாலுமி ஒருவரின் பழைய புகைப்படம் கண்ணில் பட்டால் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, தொப்பியைத்தான் பார்க்கிறேன். இருபது வயது முகங்கள் எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே மாதிரிதான் சிரிக்கின்றன. தொப்பியைச் சுற்றிய கறுப்பு நாடா அப்படியல்ல. அதில் கப்பலின் பெயர் இருக்கும்.

பெயருக்கு முன்னால் 'எஸ்.எம்.எஸ்.' என்று இருந்தால் அது கெய்சரின் காலம். மன்னரின் கப்பல் என்பது அதன் பொருள். 1918 நவம்பரில் மன்னர் போனார், அந்த மூன்று எழுத்தும் போயிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனின் ஆட்கள் அணிந்தது 'எஸ்.எம்.எஸ். எம்டன்'. அந்தக் கப்பல் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே சிதைந்தது. 1925இல் அதே பெயரில் இன்னொரு எம்டன் கடற்படையில் சேர்ந்தது. ஆகவே நாடாவில் எம்டன் என்று கண்டவுடனே 'மெட்ராஸைச் சுட்டவர்' என்று ஒருவரைக் கொண்டாடிவிடக் கூடாது. அவர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்த வசதி பறிபோனது. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதல்லவா? கப்பல் பெயரை எடுத்துவிட்டு, எல்லோர் நாடாவிலும் 'கிரீக்ஸ்மரீன' என்ற ஒரே சொல்லைப் பொறித்துவிட்டார்கள். போர்க் கடற்படை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அப்போது கண் இடது கைக்கு இறங்க வேண்டும். பற்சக்கரம் தைத்திருந்தால் இயந்திர அறை ஆள். மின்னல் கீற்று என்றால் வானொலிக்காரர். குறுக்கிட்ட இரு கொடிகள் என்றால் சைகை அனுப்புபவர். பதக்கங்களைவிட இந்தச் சின்னத் துணித்துண்டுகளையே நான் நம்புகிறேன். பதக்கம் ஒருவன் செய்ததைச் சொல்லும். இவை அவன் தினமும் எங்கே நின்றான் என்பதைச் சொல்லும்.

நீர்மூழ்கிப் படங்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். வெள்ளைத் தொப்பி என்றால் கேப்டன் என்பது கடலில் பெரும்பாலும் சரி. கரையில் கோடைக்காலத்தில் மற்ற அதிகாரிகளும் அதை அணிவதுண்டு. கோபுரத்தில் சீறும் காளை வரைந்திருந்தால், 1939 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காப்பா ஃப்ளோவுக்குள் நுழைந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்த கேப்டன் ப்ரீனின் யூ-47 என்று குதிக்கத் தோன்றும். அந்தக் காளையைப் பிறகு ஏழாவது நீர்மூழ்கிப் பிரிவு முழுவதுமே தனதாக்கிக்கொண்டது. உடையைப் பார்த்து ஆங்கிலேயச் சிப்பாய்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. 1940இல் பிரான்சில் கைப்பற்றிய பிரிட்டிஷ் சட்டைகளை நீர்மூழ்கி ஆட்கள் வசதியாக மாட்டிக்கொண்டார்கள்.

நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் வேறு. கழுகுச் சின்னம் வலது மார்பில் இருக்க வேண்டும். இடது மார்பில் இருந்தால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். அந்தக் கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கிறது. நூலின் நிறம், தையலின் நேர்த்தி என்று மட்டுமே அதைப் பற்றிப் பேசும் சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அது எந்த அரசின் முத்திரை என்பதும் அடையாளம் காண்பதில் சேர்ந்ததுதான்.

முன்பக்கம் கைவிட்டால் படத்தைத் திருப்ப வேண்டும். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலோ கீலிலோ இருந்த ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால், பென்சிலில் 'எம்' என்று தொடங்கும் போர்க்கள அஞ்சல் எண்ணும் இருக்கும். தொப்பியில் மறைத்த கப்பலை வீட்டிலிருந்து கடிதம் வர வேண்டி இங்கே குறித்துவிடுகிறார்கள். எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டால் கலம் எது என்று தெரியும். கலம் தெரிந்தால் அது மூழ்கிய தேதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. முகத்தை நான் அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.