தீ விட்டுவைத்த ஒரே கட்டடம்

நார்வேயின் வடக்கு ஓரத்தில், மாகெரோயா தீவில் இருக்கிறது ஹொனிங்ஸ்வோக். சொகுசுக் கப்பல் கரை சேர்ந்ததுமே பயணிகளில் பெரும்பாலோர் வரிசையாகக் காத்திருக்கும் பேருந்துகளில் ஏறிவிடுகிறார்கள். சுமார் 34 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு மேல் 307 மீட்டர் உயரத்தில் நிற்கும் நோர்ட்காப் பாறைமுனைதான் அவர்களுக்கு இலக்கு. சயாம் மன்னர் சூலலோங்கோர்ன் 1907லேயே அங்கு போய்ப் பாறையில் தம் பெயரெழுத்துகளைப் பொறித்துவிட்டு வந்தவர். நம் வட்டாரத்துக்காரர்தானே, பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் ஐந்து மணி நேரத்தையும் ஊருக்குள்ளேயே செலவிட முடிவு செய்தேன்.

மக்கள்தொகை ஏறத்தாழ 2,500. எங்கள் கப்பலில் வந்தவர்களே அதைவிட அதிகம்! ஜூலை மாதத்திலும் குளிர்காற்று காதைக் கிள்ளுகிறது. மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை இங்கே சூரியன் மறைவதில்லை. அதற்குச் சேர்த்துவைத்து, நவம்பர் பிற்பகுதி முதல் சுமார் இரண்டு மாதம் தலைகாட்டுவதும் இல்லை.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் கலைமான் ஒன்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. சாமி பழங்குடியினர் வசந்த காலத்தில் தங்கள் கலைமான்களை இந்தத் தீவுக்குக் கொண்டுவருகிறார்கள். இலையுதிர் காலத்தில் அவை கடற்காலை நீந்திக் கடந்து பெருநிலத்துக்குத் திரும்பும். அதுவரை யார் வீட்டுப் பூச்செடிக்கும் பாதுகாப்பில்லை.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வீடுகள் அடுக்கிவைத்த பெட்டிகள்போல அழகாக இருக்கின்றன. கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் கண்ணில் படுகிறது, எல்லாமே ஏறக்குறைய ஒரே வயது வீடுகள். பழைய வீடே இல்லை.

1944 இலையுதிர் காலத்தில் சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மானிய ராணுவம் ஃபின்மார்க் வட்டாரத்தையே எரித்துக்கொண்டு போனது. மக்களைக் கட்டாயப்படுத்திப் படகுகளில் ஏற்றித் தெற்கே அனுப்பியது. போக மறுத்தவர்கள் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் ஒளிந்தார்கள். ஹொனிங்ஸ்வோக்கில் மிஞ்சியது 1885ல் கட்டிய வெள்ளைநிற மரத் தேவாலயம் மட்டுமே. இப்போதைக்குத் திரும்பவேண்டாம் என்று அதிகாரிகள் தடுத்தும் 1945ல் மக்கள் திரும்பி வந்தார்கள். முதல் வீடுகள் எழும்வரை அந்தத் தேவாலயத்துக்குள்தான் குடியிருந்தார்கள். உள்ளே போய் ஒரு பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன மண்டபம்தான். இதற்குள் எத்தனை குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும், குழந்தைகள் எங்கே அழுதிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. நோர்ட்காப்புக்குப் போனவர்களில் எத்தனை பேர் இந்தக் கதவைத் திறந்தார்களோ!

துறைமுகப் பக்கம் பம்சே என்ற நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. போர்க்காலத்தில் நார்வே கடற்படைக் கப்பல் ஒன்றில் பணியாளராகவே பதிவான செயிண்ட் பெர்னார்ட் நாய் அது. 1944ல் ஸ்காட்லாந்தின் மொன்ட்ரோஸ் நகரில் இறந்தது. அங்கேயும் அதற்கு ஒரு சிலை உண்டு. பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

படகுத்துறையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது யாழ்ப்பாணத்து இளைஞர்களின் நினைவு வந்தது. 1956ல் நார்வேக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம் மீன்பிடித் தொழில் பழகி, பிறகு யாழ்ப்பாணத்தில் சீநோர் உருவாகக் காரணமானார். 1980களில் உள்நாட்டுப் போருக்குத் தப்பிவந்த தமிழர்கள் பலர் இந்த ஃபின்மார்க் கடற்கரை ஊர்களின் மீன் ஆலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். பனையும் வெயிலும் பார்த்து வளர்ந்தவர்கள், சூரியனே வராத மாதங்களில் காட் மீனைத் துண்டு போட்டுச் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்களில் பலர் பின்னாளில் ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். வீடு எரிந்தவர்கள் கட்டிய ஊர்களில், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

கடையில் ஒரு பொட்டலம் காய்ந்த காட் மீன் வாங்கினேன். நம் கருவாட்டுக்கு உப்பு வேண்டும். இதற்கு வேண்டாம், குளிரும் காற்றுமே உலர்த்திவிடும். தலைகளைக்கூட வீணாக்காமல் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். வாசனை மட்டும் அசல் கருவாடுதான். மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றியும் கப்பல் அறை முழுக்க மணத்தது.