அருந்ததி தெரியாத ஊரில் ஒரு கல்யாணம்

"அப்பா, கல்யாணத்தை குயின்ஸ்டவுன்ல வச்சுக்கலாம்னு நினைக்கிறோம்" என்று மகள் போனில் சொன்னது 2018 ஆடி மாதம். குயின்ஸ்டவுன் நியூசிலாந்தின் தென் தீவில், வகாட்டிப்பு என்ற ஏரியின் கரையில் இருக்கும் ஊர். மகளும், அவள் கட்டிக்கொள்ளப்போகும் மதுரைப் பையனும் ஆக்லாந்தில் வேலை பார்த்தார்கள். முதன்முதலில் அவர்கள் பேசிப் பழகியது அந்த ஏரிக்கரையில் நண்பர்களோடு மலையேறப் போனபோதுதானாம்.

"ஏரியும் மலையும் வேணும்னா கொடைக்கானல் இல்லையா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். அப்புறம் இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை.

தொலைபேசித் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரிலுள்ள எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் மொய் எழுதியிருக்கிறேன். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்களையெல்லாம் கூப்பிட வேண்டாமா? வெளியில் இதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் என் மச்சான்.

நான் மாற்றலில் ஊர் ஊராக அலைந்த ஆறு வருடமும் மகள் திருச்சியில் மாமா வீட்டில்தான் வளர்ந்தாள். காது குத்தியது அவர் மடியில். சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர். பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2016 முதல் அவருக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்குப் படுத்தால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். சிங்கப்பூர், ஆக்லாந்து என்று விமானம் மாறி மாறிப் போகும் பயணம் அவரால் முடியாது. தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம் என்பதுதான் என் ஆத்திரம்.

சேதி தெரிந்து அவரே கூப்பிட்டார். "மாப்பிள்ளை, புள்ளைகிட்ட பேசாம இருக்கீங்களாமே? என்னைச் சாக்கு வச்சு அவ ஆசையைக் கெடுக்காதீங்க. என் மாலையை எங்க போடணும்னு நானும் அவளும் பேசிக்கிறோம். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க."

அதன்பிறகுதான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில் கல்யாணம் என்று சொன்னால் உங்களுக்கும் உதவுமே என்று அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நியூசிலாந்தில் மணமக்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் திருமண உரிமம் வாங்கலாம். குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் மூன்று மாதம் செல்லும். எந்த இடத்தில் கல்யாணம் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். மழை வந்தால் மாற்று இடம் எது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ஏரிக்கரை என்றும், பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கூடம் என்றும் எழுதினோம். அரசு அங்கீகாரம் பெற்ற ஒருவர் நடத்திவைக்க, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது பெட்டி. மாவிலை, வெற்றிலை, பூமாலை எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. செடிகொடிக்கு நோய் வந்துவிடும் என்று அவ்வளவு கண்டிப்பு. கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமானை விண்ணப்பத் தாளில் மறைத்தால் 400 டாலர் அபராதம். மஞ்சள் கிழங்கைக்கூட எழுதிக்காட்டித்தான் கொண்டுபோனேன். மாலைக்குப் பூ அங்கேயே வாங்கி, பெண்கள் உட்கார்ந்து கட்டினார்கள்.

மூன்றாவது அக்கினி. தை மாதம் அங்கே கோடைக்காலம். புல் காய்ந்து கிடக்கும். வெளியில் தீ மூட்டக் கட்டுப்பாடு உண்டு. "அனுமதி கிடைக்கலைன்னா விளக்கே அக்கினி" என்று ஆக்லாந்திலிருந்து வர இருந்த ஐயர் சொல்லிவிட்டார்.

நான்காவது நேரம். பிப்ரவரியில் அங்கே பொழுது சாய ஒன்பது மணி ஆகிவிடும். பகல் 14 மணி நேரத்துக்கு மேல். ராகுகாலம் பகலில் எட்டில் ஒரு பங்கு அல்லவா? நமக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் அங்கே ஒன்றேமுக்கால். ஞாயிற்றுக்கிழமை நமக்கு மாலை நாலரைக்கு வருவது அங்கே ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. ஜோசியர் அந்த ஊருக்கென்றே கணக்குப் போட்டு, தை கடைசி ஞாயிறு காலை 10.45 என்று குறித்துக் கொடுத்தார்.

மச்சானிடம் சொன்னேன். "கோடையில ஏழரை மணி வித்தியாசம். அப்ப நமக்கு விடியக்காலம் மூணேகால்" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை, அம்மி மிதிக்கலாம். அருந்ததி பார்க்க முடியாதே!"

விளக்கமும் சொன்னார். சப்தரிஷி மண்டலம் வடக்கு வானத்தில் இருப்பது. குயின்ஸ்டவுன் தெற்கே 45 டிகிரியில் இருக்கிறது. வருடம் முழுக்க எந்த ராத்திரி பார்த்தாலும் அங்கே அருந்ததி உதிப்பதே இல்லை. நாமும் பகலில் வெறும் வானத்தைத்தான் காட்டுகிறோம், ஆனாலும் எனக்கு மனசு சுருக்கென்றது.

பொங்கலுக்கு மகள் பத்து நாள் லீவு போட்டுத் திருச்சிக்கு வந்தாள். தை பிறந்த அன்று மாமா வீட்டுக் கூடத்தில் அவளை மணையில் உட்கார வைத்து, மச்சான் கூறைப்புடவை கொடுத்து, மாலை போட்டு, பட்டம் கட்டினார். கை நடுங்கியது. முடிச்சுப் போட அத்தை உதவினாள்.

மறுநாள் புதன், டயாலிசிஸ் நாள். காலை நாலரைக்கே அவளை எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். வடக்கே ஏழு நட்சத்திரமும் பளிச்சென்று இருந்தன. "வாலில் மூணு இருக்கு பார். நடுவுல இருக்கிறது வசிஷ்டர். ஒட்டினாப்பல மங்கலா ஒண்ணு தெரியுதா? அதான் அருந்ததி. என் கண்ணுக்கு இப்பல்லாம் தெரியறதில்ல."

"தெரியுது மாமா" என்றாள். அதற்கு மேல் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கல்யாணத்துக்கு வந்தது 38 பேர். அன்று காற்று பலம். தீ மூட்ட முடியாதென்று கூடத்துக்குள் குத்துவிளக்கை வைத்துத் தாலி கட்டினார்கள். சாட்சிக் கையெழுத்து ஒன்று என்னுடையது. ஆபீசில் ஆயிரக்கணக்கில் போட்ட கையெழுத்துதான். அன்றைக்குப் பேனா ஓடவில்லை.

மச்சான் மூன்று மணிக்கே குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்திருந்தார். ஐயர் அருந்ததி பார்க்கச் சொன்னதும், "இருங்க இருங்க" என்று போனோடு மாடிப்படி ஏறினார். அவர் மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது. திரையில் வெறும் கறுப்புதான் தெரிந்தது. "வடக்கே நிக்குதும்மா, உனக்காக நான் பார்க்கிறேன்" என்றார். மகள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர் கண்ணுக்கு அருந்ததி தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் கல்யாணம் என்று பிள்ளைகள் சொன்னால் கோபப்படாதீர்கள் என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். யார் யார் வருவார்கள் என்ற பட்டியலுக்கு முன்னால், யாரால் வர முடியாது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்கள் செய்ய வேண்டியதை அவர்கள் வீட்டுக்கே போய் முதலில் செய்ய வையுங்கள். மண்டபம், ஏரி, மலை எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.