ஒரகடம் கேட்டில் ஒரு 'மேஜர்'... பாதுகாப்பு அமைச்சகத்தின் 250 ஆண்டுக் கதை!

ஒரகடம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் தொடங்கும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடும் இளைஞர்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைப் பார்த்து "வணக்கம் மேஜர்!" என்கிறார்கள். அவர் மேஜர் இல்லை. 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். இப்போது சிரித்துக்கொண்டே சல்யூட் வைத்துவிடுகிறார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இப்படிப்பட்ட 'மேஜர்கள்' நிறைய பேர் இருக்கிறார்கள். பளபளக்கும் ஷூவையும் நிமிர்ந்து நிற்கும் தோரணையையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கார், லாரி, பைக் என்று எல்லாமும் தயாராகும் இந்தப் பகுதியில் பாதுகாப்பு அமைச்சகம் என்றால், டிவியில் வரும் குடியரசு தின அணிவகுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், முன்னாள் படைவீரர் வீட்டில் அது அன்றாட விஷயம். மாதா மாதம் வரும் பென்ஷன், கேன்டீன் கார்டில் வாங்கும் மளிகை, வருடத்துக்கு ஒருமுறை 'ஸ்பர்ஷ்' தளத்தில் கொடுக்கும் உயிர்வாழ் சான்று... எல்லாமே அந்த அமைச்சகத்தோடு சேர்ந்தவை.

இவ்வளவு பெரிய அலுவலகம் எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒரு வியாபாரக் கம்பெனியின் காகித வேலைக்காக!

கோப்பு எழுத வந்த துறை

1776-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் 'ராணுவத் துறை' என்று ஒன்றை உருவாக்கியது. பல துறைகளிலிருந்தும் ராணுவத்துக்குப் போகும் உத்தரவுகளைத் தொகுத்துப் பதிவு செய்வதுதான் அதன் முக்கிய வேலை. அப்போது ஒரே இந்திய ராணுவம் கிடையாது. வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன.

நான்கே ஆண்டுகளில், இன்றைய தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பெனிக்குப் பேரடி விழுந்தது. 1780 செப்டம்பர் 10-ம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் பெரிய படை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மன்றோ தன் கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார்.

அடுத்தது வேலூர். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைப் படைத் தலைமை உத்தரவு போட்டது. 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். இரு தரப்பிலும் பல உயிர்கள் போன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தளபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

உத்தரவு போடுபவர் ஓரிடத்தில், அதைச் சுமப்பவர் வேறிடத்தில். அடி விழுந்த பிறகே திருத்தம். இந்த அலுவலகத்தின் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

கர்சனா... கிச்சனரா?

1895-ல் மூன்று மாகாணப் படைகளும் ஒரே ராணுவமாயின. கூடவே ஒரு பெரிய சண்டையும் கிளம்பியது. போரிடும் படைக்குத் தலைவர், தலைமைத் தளபதி. சப்ளை, போக்குவரத்து, பணம் எல்லாம் வைஸ்ராய் சபையில் இருந்த ராணுவ உறுப்பினரின் பொறுப்பு. 'இரண்டும் என் கைக்கு வர வேண்டும்' என்றார் தளபதி கிச்சனர். 'அவ்வளவு அதிகாரம் ஒரே ஆளிடம் குவியக்கூடாது' என்றார் வைஸ்ராய் கர்சன். லண்டன் கிச்சனர் பக்கம் சாய, 1905-ல் கர்சன் ராஜினாமா செய்தார். மறு ஆண்டே பழைய ராணுவத் துறை கலைக்கப்பட்டது. சப்ளைக்கென்று உருவான தனித் துறையும் 1909-ல் மூடப்பட்டது. எல்லாமே தளபதியின் கைக்குள் வந்தன.

பலன் முதல் உலகப் போரில் தெரிந்தது. இன்றைய இராக்கில் உள்ள கூட் என்ற ஊரில் முற்றுகையில் சிக்கிய இந்திய-பிரிட்டிஷ் படை, 1916 ஏப்ரலில் பட்டினியோடு சரணடைந்தது. காயம்பட்டவர்களைக் கொண்டுசெல்லப் போதிய படகு இல்லை, மருந்து இல்லை. அதை விசாரித்த கமிஷன், எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவைத்த இந்த நிர்வாக முறையைக் கடுமையாகக் கண்டித்தது.

1938-ல் ராணுவத் துறை 'பாதுகாப்புத் துறை' ஆனது. 1947 ஆகஸ்ட்டில் அது அமைச்சகமாக மாற, பல்தேவ் சிங் முதல் அமைச்சர் ஆனார். 1952-ல் தஞ்சை மண்ணில் பிறந்த என்.கோபாலசாமி ஐயங்கார் அந்தப் பொறுப்புக்கு வந்து, பதவியில் இருக்கும்போதே மறைந்தார். 1955-ல் 'தலைமைத் தளபதி' என்ற பட்டமே நீக்கப்பட்டு, முப்படைகளுக்கும் தனித்தனித் தலைமை அதிகாரிகள் வந்தார்கள். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற பழைய கேள்விக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குத்தான் படை கட்டுப்படும் என்று இந்தியா பதில் சொல்லிவிட்டது. படைக்கு வேண்டியதை யார் செய்து தருவது என்ற இன்னொரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

1962 கற்றுக்கொடுத்த பாடம்

அந்தக் கேள்வியை 1962 அக்டோபரில் சீனா முகத்துக்கு நேராகக் கேட்டது. சமவெளியிலிருந்து இமயமலைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பலருக்குப் போதிய குளிர் உடை இல்லை. கையில் இருந்ததோ பழைய .303 ரக ரைஃபிள். அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக, யஷ்வந்த்ராவ் சவான் வந்தார். அந்த நவம்பரிலேயே 'பாதுகாப்பு உற்பத்தித் துறை' தனியாகத் தொடங்கப்பட்டது.

சென்னைப் புறநகருக்கு இந்த வரலாறு சொந்தக் கதை. 1965-ன் இறுதியில் ஆவடி எச்.வி.எஃப் ஆலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. சீருடை தைக்கும் ஓ.சி.எஃப் ஆலையும் அதே ஆவடியில்தான். நம் ஹவில்தார் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓட்டிய டி-72 டாங்கியும் ஆவடியில் செய்ததுதான். டிகிரி கணக்கில் வெயில் கொளுத்தும்போது, "ஊர்க்காரன் செஞ்ச வண்டிடா, நம்மள கைவிடாது" என்று சக வீரர்களிடம் சொல்வாராம்.

அமைச்சர்களாகவும் தமிழர்கள் வந்தார்கள். 1979-ல் சி.சுப்பிரமணியம், 1982-ல் ஆர்.வெங்கட்ராமன். வெங்கட்ராமன் காலத்தில்தான், 1983-ல், அப்துல் கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. 2017-ல் நிர்மலா சீதாராமன் அந்த நாற்காலிக்கு வந்தார்.

நினைவிடம் சொல்லும் கதை

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடக்கும்போது, அவர் பிரதமராக இருந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1985 செப்டம்பர் முதல் 1987 ஜனவரி வரை பாதுகாப்புத் துறையையும் அவரே கையில் வைத்திருந்தார். 1986 மார்ச்சில் போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது அப்போதுதான். லஞ்சப் புகார் ஆட்சியையே உலுக்கியது. 1987-ல் அமைதிப் படை இலங்கைக்குப் போனது. 1991 மே 21 இரவு, இந்த ஊரில் நடந்த மனித வெடிகுண்டுத் தாக்குதலில் அவரோடு வேறு பலரும் உயிரிழந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸாரும் அதில் உண்டு.

போஃபர்ஸ் வழக்கில் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2004-ல் ரத்து செய்தது. அந்த பீரங்கிகளோ 1999 கார்கில் போரில் பெரிதும் கைகொடுத்தன. ஆனால், புகாரின் நிழல் அமைச்சகத்தில் நெடுங்காலம் தங்கிவிட்டது. எதை வாங்குவது என்றாலும் கோப்பில் கையெழுத்துப் போட அதிகாரிகள் தயங்கினார்கள். கார்கிலுக்குப் பிறகு, முப்படைகளையும் ஒருங்கிணைக்க ஒரு தலைமை வேண்டும் என்று 2001-ல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. அந்தப் பதவியில் ஜெனரல் பிபின் ராவத் அமர்ந்தது 2020 ஜனவரியில்!

வீட்டுக்குள் வந்த கேள்வி

'மேஜர்' வீட்டில் இப்போது ஒரு விவாதம் ஓடுகிறது. ஐ.டி.ஐ முடித்த மகன், "அப்பா, நானும் ஆர்மிக்குப் போறேன்" என்கிறான். மற்ற நாளாக இருந்தால் அவர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். ஆனால், அவர் சேர்ந்த ராணுவத்தின் நிபந்தனைகள் வேறு. 15 ஆண்டுகள் முடித்தால் ஆயுளுக்கும் பென்ஷன். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' திட்டத்துக்காக முன்னாள் வீரர்கள் போராடி, 2015 நவம்பரில் அதற்கான அரசாணையும் வாங்கினார்கள்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட 'அக்னிபத்' திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன் முடிவில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் நிரந்தரமாகச் சேர்க்கப்படுவார்கள். மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் இல்லை. படையின் சராசரி வயது குறையும், இளைஞர்களுக்குப் பயிற்சியும் கட்டுப்பாடும் கிடைக்கும் என்பது அரசின் வாதம்.

"நாட்டுக்குப் போறத நான் தடுக்கல" என்கிறார் அந்த வீட்டு அம்மா. கணவர் எல்லையில் இருந்த 17 வருடமும் மாமியாரையும் பிள்ளையையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர். "22 வயசுல திரும்பி வந்தா என்ன வேலைன்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு."

காலி செய்யாத வாடிக்கையாளர்

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில், அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஒன்று தமிழ்நாட்டுக்கு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்களோடு 2019 ஜனவரி 20-ம் தேதி திருச்சியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஆளில்லா விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் பொது மையத்துக்கு ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய வல்லம் வடகால் தேர்வாகியிருக்கிறது.

ராணுவ ஆர்டரால் ஒரு தொழிலே வளரும் என்பதற்கு இதே சாலையில் சாட்சி உண்டு. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 'புல்லட்' பைக்குகளை வாங்கியது. அந்தத் தேவையை நம்பி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. திருவொற்றியூரில் ஆலை வந்தது. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் அதே நிறுவனம் ஆலைகளைத் திறந்தது. இன்று உலகமெங்கும் போகிறது அந்த பைக்.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலை இழந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களில் பெண்கள் ஏராளம். தனியார் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்துவிட்டுப் போகலாம் என்பது இந்த ஊர் வலியோடு கற்ற பாடம். ராணுவம் அப்படிக் காலி செய்துவிட்டுப் போகாது.

ஆனால், அது அவசரமும் படாது. கார் கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறு பட்டறைக்கு இன்று ஆர்டர் வந்தால் நாளை லோடு ஏற்ற வேண்டும். ராணுவத்துக்கென்றால் மாதிரி கொடுக்க வேண்டும், வெயிலிலும் பனியிலும் சோதனை நடக்க வேண்டும், தர ஆய்வு முடிய வேண்டும், டெண்டர் வர வேண்டும். அதுவரை லேத் மெஷினுக்கு வாங்கிய கடனின் தவணை காத்திருக்காது. நான்கு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வரும் ஒரு பையனை வேலைக்கு வைக்க அந்தப் பட்டறை அப்போதும் திறந்திருக்க வேண்டுமே!

புள்ளலூர், வேலூர், கூட், 1962, கார்கில். ஒவ்வொரு முறையும் ரத்தம் சிந்திய பிறகே இந்த அலுவலகம் தன்னைத் திருத்திக்கொண்டது. பாதுகாப்பு வழித்தடம் மட்டும், அப்படி ஓர் அடி விழும் வரை காத்திராமல் போடப்பட்டது. இதற்கு யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கோப்பு நேரத்துக்கு நகர்ந்தால் போதும். ஒரு சோதனைச் சான்றிதழ் 3 மாதத்தில் வருகிறதா, 3 வருடத்தில் வருகிறதா என்பதில்தான், இந்தச் சாலையோரப் பட்டறைகளில் நாளைக்கு எத்தனை மெஷின் ஓடும் என்பதும் இருக்கிறது.