அடிப்பக்கம் என்ன நிறம்?

மேசையில் நிற்கும் விமானத்தைத் தொட்டுப் பார்க்க இங்கே யாருக்கும் அனுமதியில்லை. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சுக் காற்று படாத தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துவிட்டு நிமிரும் ஆள், அதைச் செய்தவரிடம் முதலில் கேட்பது, "இது எந்தத் தேதி?" என்றுதான்.

செய்து முடித்த தேதியை அவர் கேட்கவில்லை. அந்த விமானம் அந்தக் கோலத்தில் வானில் பறந்த தேதியைக் கேட்கிறார். கேள்வி அங்கிருந்து அடிப்பக்கத்து நிறத்துக்குப் போகும். அங்கே சூடு பிடிக்கும் வாதம் மதியச் சாப்பாடு வரை ஓயாது.

இங்கிலாந்தின் டெல்ஃபோர்டு நகரில் நவம்பர் மாதத்து வார இறுதி ஒன்றில் நடக்கும் 'ஸ்கேல் மாடல்வேர்ல்டு' என்னும் சிறு மாதிரிகளின் கண்காட்சி இது. 1963-ல் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய சர்வதேச பிளாஸ்டிக் மாடலர்கள் சங்கம் நடத்துவது. பெரிய பெரிய கூடங்கள். ஊர்க் கிளைகள் ஒரு பக்கம். ஒரே வகை விமானத்தைப் பிடித்துக்கொண்டு அதையே ஆராயும் தனிக் குழுக்கள் இன்னொரு பக்கம். நீளநீளமான மேசைகளில் ஸ்பிட்ஃபயரும் மிக்-29-ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நடுவே வியாபாரிகளின் கடைகள்: கிட் பெட்டிகள், வண்ணக் குப்பிகள், அரை விரல் நீள இடுக்கிகள். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். அப்பா கையைப் பிடித்தபடி வந்த சிறுமிகளும் சிறுவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதைச் சங்கத்துக்காரர்களே கவலையோடு சொல்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு சிறிய மேசையின் முன். இளமையில் விமானப்படைத் தளத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், நான்கைந்து நண்பர்களோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அவர்களின் மேசை முழுக்க ஒரே விமானம்: போல்டன் பால் டிஃபையன்ட். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு கோலங்களில். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறிய அட்டை. அதில் ஒன்றில் எழுதியிருந்த பெயர்தான் என்னை நிறுத்தியது: '264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்'.

இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட போர் நிதிக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படை தன் மூன்று படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்தது. 79, 234, 264 என்பவை அவற்றின் எண்கள். ஸ்பிட்ஃபயர்களோடு பிரிட்டன் வான்போரில் நின்றது 234. போரை ஹரிக்கேன்களில் தொடங்கிய 79, பின்னாளில் பர்மா போர்முனைக்கு வந்து தண்டர்போல்ட் விமானங்களில் பறந்தது. டிஃபையன்ட்டை முதன்முதலில் போர்க்களத்துக்குக் கொண்டுபோனது 264. நம் தாத்தா பாட்டிகள் காலத்து மாகாணத்தின் பெயரைச் சுமந்த இந்தப் படைகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சே இல்லை. டெல்ஃபோர்டில் ஒரு சிறிய அட்டையில் அந்தப் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறது.

டிஃபையன்ட் விசித்திரமான போர்விமானம். டெல்ஃபோர்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வுல்வர்ஹாம்ப்டனில் தயாரானது. இதில் விமானி முன்னோக்கிச் சுடத் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டு ஒன்று. அதற்குள் ஒரு சுடுநர், அவர் கையில் நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள். 1940 மே 29 அன்று டன்கர்க் வானில் 264-ஆவது படை, ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. உண்மையான எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்று போருக்குப் பின் தெரிந்தது. எதிரிகள் விரைவில் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டார்கள். நேர் முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கினால் டிஃபையன்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகஸ்ட் 24-ல் படைத் தலைவர் பிலிப் ஹன்டரும் அவருடைய சுடுநரும் திரும்பி வரவில்லை. மாத முடிவில் அந்த விமானத்தைப் பகல் போரிலிருந்தே விலக்கி, இரவுக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கூண்டைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

இவர்கள் செய்வது 1/72 அளவில். ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம். ஆறடி மனிதன் இங்கே ஓர் அங்குல உயரம்தான். இந்த அளவை பிளாஸ்டிக் கிட்டுக்குக் கொண்டுவந்தது 1936-ல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம், தன் 'பென்குவின்' வரிசையில். போர்க்காலத்தில் வானத்தைக் கண்காணிப்பவர்களுக்கு எதிரி விமானத்தை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கும் மாதிரிகளும் இதே அளவில் வந்தன. அமெரிக்கக் கடற்படை 1942-ல் பள்ளி மாணவர்களிடமே ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. பொழுதுபோக்கு என்று நாம் நினைப்பது ஒரு காலத்தில் உயிர் காக்கும் பாடமாக இருந்திருக்கிறது. போருக்குப் பின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950-களில் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் கிட், வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்று, ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே மேசைமுன் உட்கார வைத்தது.

1/72-ல் டிஃபையன்ட்டின் இறக்கைக்கு இறக்கை பதினாறரை சென்டிமீட்டர். சுடுகூண்டு சுண்டுவிரல் நகம் அளவு. கிட்டில் வரும் பிளாஸ்டிக் துப்பாக்கிக் குழல்கள் தடிமனாக இருக்கும் என்பதால், பெரியவர் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, ஊசிபோடும் சிரிஞ்சின் மெல்லிய எஃகுக் குழாயை அறுத்து வைக்கிறார். குழல் முனையில் உண்மையாகவே துளை இருக்கும். கூண்டின் கண்ணாடியில் சட்டங்கள் ஏராளம். ஒவ்வொரு கண்ணாடிப் பலகையின் மேலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பூதக்கண்ணாடி வழியே பார்த்தபடி புதுப் பிளேடால் சட்டத்தின் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும். பிளேடு சற்று அழுந்தினால் கண்ணாடியில் கீறல் விழும். கீறல் விழுந்த கண்ணாடிக்கு மருந்து இல்லை. இந்த ஒரு வேலைக்கே ஒரு மாலை முழுதும் போய்விடும் என்றார்.

அவர்களுடைய ஊர்க் கிளையின் மாதக் கூட்டத்துக்கும் போயிருந்தேன். கண்காட்சியில் பார்ப்பது விளைச்சல் என்றால் உழைப்பு அங்கேதான் தெரிகிறது. ஸ்ப்ரூ என்னும் சட்டத்திலிருந்து உறுப்புகளை நிப்பரால் நறுக்குகிறார்கள். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்து, பசை போடாமல் பொருத்திப் பார்க்கிறார்கள். பசை என்று சொன்னாலும் அது ஒட்டும் பசை இல்லை. தண்ணீர்போல் ஓடும் கரைப்பான். இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியை வைத்தால் போதும். அது தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிறகு இணைப்புக் கோட்டுக்குப் பட்டி பார்க்க வேண்டும். நம்மூர்ச் சுவர்ப் பெயின்டர்கள் செய்யும் அதே வேலைதான். பட்டி பூசி, காயவைத்து, தேய்த்து, ப்ரைமர் அடித்துப் பார்த்தால் மறைந்துவிட்டதாக நினைத்த கோடு மீண்டும் பல்லைக் காட்டும். திரும்பவும் பட்டி, திரும்பவும் உப்புத்தாள். இதில் பொறுமை இழந்தவர்களின் விமானத்தைப் போட்டி நடுவர்கள் கைவிளக்கை அடித்த உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வண்ணம் அடிப்பது தனிக் கலை. ஏர்பிரஷ்ஷின் முனைத் துளை 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர். வண்ணத்தைத் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உலகம் முழுக்க இவர்களிடையே புழங்கும் பாடம். கெட்டியானால் தெறிக்கும், நீர்த்தால் சிலந்திக்கால் விட்டு ஓடும். முகமூடி போட்டு, புகைபோக்கி ஓடவிட்டுத்தான் அடிக்கிறார்கள். கரைப்பான் ஆவி நுரையீரலுக்கு ஆகாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

எந்த வண்ணம் என்பதில்தான் சண்டை. 1940-ல் பறந்த பிரிட்டிஷ் போர்விமானத்தின் மேல்பக்கம் கரும்பச்சையும் மண்நிறமும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடிப்பக்கம் அப்படியில்லை. போரின் தொடக்கத்தில் இடது பாதி கறுப்பு, வலது பாதி வெள்ளை. தரையில் இருக்கும் கண்காணிப்பாளர்கள் நம் விமானம் என்று அடையாளம் காண்பதற்காக. சில விமானங்களில் உடலின் அடிப்பகுதி மட்டும் வெள்ளி நிறத்திலேயே விடப்பட்டது. 1940 ஜூன் மாதத்தில் அடிப்பக்கம் முழுவதும் 'ஸ்கை' என்ற வெளிர்ப் பச்சை கலந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லாத் தளத்திலும் அந்தப் பெயின்ட் கைவசம் இல்லை. கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். ஆகவே, டன்கர்க் நாளின் டிஃபையன்ட் என்றால் கறுப்பு வெள்ளை. ஹன்டர் திரும்பாத ஆகஸ்டு மாதத்து டிஃபையன்ட் என்றால் ஸ்கை. இடையில் உள்ள வாரங்களுக்கு ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகச் சான்று தேட வேண்டும்.

சான்று என்றால் புகைப்படம். அன்றைய புகைப்படங்களோ கறுப்பு வெள்ளை. அதிலும் ஒரு வகை ஃபிலிம் மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பாகக் காட்டும். 1940 மே மாதத்தில் விமானத்தின் உடலிலிருந்த வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் சேர்க்கச் சொன்னார்கள். பழைய படத்தில் அந்த வளையம் இருண்டு தெரிந்தால், அது மஞ்சளா வேறு நிறமா என்று மேசைக்கு மேசை விவாதம். பெரியவர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, வளையத்தின் விளிம்பில் கீழே இருக்கும் பழைய பூச்சு தெரிவதை விரல் நகத்தால் சுட்டினார். அவர் செய்த மாதிரியிலும் அந்த விளிம்பு அப்படியே இருக்கிறது.

டிகால் என்னும் மெல்லிய படலத்தில் அச்சிட்ட சின்னங்களை ஒட்டும் வேலையை அவருடைய நண்பர் ஒருவர் செய்து காட்டினார். வண்ணம் அடித்த பரப்பில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடிக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். டிகாலைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, தூரிகையால் இடத்துக்குத் தள்ளுகிறார். மேலே மென்மையாக்கும் திரவத்தை ஒரு துளி விடுகிறார். படலம் சுருங்கி, கெட்டுப்போய்விட்டதோ என்று பார்ப்பவரைப் பதறவைத்து, பின் உலோகத் தகடுகளின் கோடுகளுக்குள் இறங்கி, தூரிகையால் வரைந்த மாதிரி படிந்துவிடுகிறது. சுருங்கும்போது கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போர்க் கருவியைக் கொஞ்சி விளையாடுகிறார்களே என்று ஒரு குறை இந்தப் பொழுதுபோக்கின் மேல் எப்போதும் உண்டு. அந்தக் குறையை முழுவதும் தள்ளிவிட முடியாது. பெட்டி அட்டைகளில் எரியும் எதிரி விமானங்களும் வெற்றிக் களையும் தூக்கலாகவே இருக்கின்றன. ஆனால் டிஃபையன்ட் மேசையில் நான் கேட்ட பேச்சு வேறு. சுடப்பட்ட டிஃபையன்ட்டின் கூண்டிலிருந்து சுடுநர் வெளியேறுவது மிகவும் கடினம். இடம் போதாததால் பாராசூட்டை உடையோடு சேர்த்துத் தைத்த தனி உடுப்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கூண்டைச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தவரை நினைப்பதாகப் பெரியவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வீரம் பேசும் தொனி இல்லை. சிறியதாகச் செய்தாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தில், இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். நினைவுத்தூணில் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தச் சுடுநர் உட்கார்ந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதை இந்த மாதிரி சொல்கிறது.

இந்தக் கைவேலைக்குள் உலகமே கலந்து கிடக்கிறது. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்ணுறுப்புகள் செக் நாட்டிலிருந்து வருகின்றன. வண்ணமும் டேப்பும் பெரும்பாலும் ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா. கீவ் நகரத்து ஐசிஎம் நிறுவனம் போருக்கு நடுவிலும் கிட் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் கிட்டுகளில் பலவற்றின் பெட்டி ஓரத்தில் 'இந்தியாவில் தயாரானது' என்று அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் அச்சில் வார்த்து அனுப்பிய விமானத்தில், நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய படையின் எழுத்துகளை ஓர் ஆங்கிலேயர் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பது யோசித்துப் பார்க்கவேண்டிய விஷயம்.

பெரியவர் விடைகொடுக்கும்போது என்னிடம் ஒன்று கேட்டார். போர்க்காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த தளங்களில் நின்ற விமானங்களின் படங்கள் யாரிடமாவது இருக்குமா என்று. ஐரோப்பிய வான்போருக்குப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, உங்கள் பக்கத்துப் படங்கள்தான் அபூர்வம் என்றார். சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, அரக்கோணம் என்று நம்மூர்களில் அன்று ஓடுதளங்கள் இருந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் இலங்கையைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன்கள் திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்தும் கிளம்பின. அந்தத் தளங்களில் கூலியாகவோ, எழுத்தராகவோ, மெக்கானிக்காகவோ வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அதே வட்டாரங்களில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அப்படியொரு படம் இருந்தால், ஆட்களின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டுவிடாதீர்கள். பின்னால் நிற்கும் விமானத்தின் வாலருகே உள்ள எழுத்தும் எண்ணும் தெரியும்படி, முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். படத்தின் முதுகில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.