ஆமத்தூரும் பழம் புடவையும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வழியில் ஆமத்தூரில் இறங்கக் காரணம் ஒன்றும் இருப்பதில்லை. ஐப்பசி நெருங்கிவிட்டால் தூர ஊர்களிலிருந்து பட்டாசு வாங்க வரும் வண்டிகள் அந்தச் சாலையை நிறைத்துக்கொண்டு ஓடும். அவற்றில் இருப்பவர்களின் மனமெல்லாம் மத்தாப்பிலும் தரைச் சக்கரத்திலும் இருக்குமேயன்றி, இரு புறமும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டிலோ, அக்காட்டின் நடுவே எட்ட எட்ட நிற்கும் சிறு சிறு அறைகளிலோ செல்லாது. நாம் அங்கே இறங்கியது பட்டாசுக்காக அன்று, பழந்துணிக்காக. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதனால், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "தெரிந்தவர்கள் வீட்டுக்கு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தோம்.

விஷயம் இதுதான். நம் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் கைவேலைக் கண்காட்சி ஒன்று நடைபெறும். பெண்கள் கடையிலிருந்து புதுத் துணி, பளபளக்கும் லேஸ், ஜரிகைப் பட்டை, கண்ணாடி மணி எல்லாம் வாங்கி வந்து தலையணை உறையும் திரைச்சீலையும் செய்து வைப்பார்கள். தகப்பனார்களின் பணப்பை இளைத்துப் போகும். தையல் ஆசிரியையாக இருக்கும் நமது சிநேகிதி, "இனி வீட்டிலுள்ள பழைய துணியைத் தவிர வேறு ஒன்றும் கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டார். வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் மட்டும், "ஆமத்தூரில் எங்கள் அம்மாச்சி வீட்டில் எல்லாமே அப்படித்தான், டீச்சர்" என்றாள். ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் புறப்பட்டுவிட்டோம்.

கரிசல் பூமியின் வறட்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. மழை குறைவு, வேலிக் கருவைதான் எங்கும் பச்சை. அந்த வறண்ட காற்றே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். ஆனால் தீப்பெட்டிக்கு முன்னால் இந்த மண்ணுக்குச் சொந்தமான செல்வம் பருத்தி. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்தக் கறுப்பு மண்ணில் மானாவாரியாக விளைந்தது. 1901-இலேயே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. விருதுநகர் வியாபாரிகள் பருத்தியிலும் மிளகாயிலும் எண்ணெயிலும் பேர் வாங்கினார்கள். அப்பேர்ப்பட்ட பருத்திச் சீமையில் இன்று ஒரு முழு நூல்புடவையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நாம் அங்கே கண்ட விசித்திரம்.

"வாங்க தாயி, வாங்க டீச்சரம்மா, திண்ணையில வெயில் விழுது, உள்ள வாங்க" என்று வரவேற்றார் அம்மாச்சி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வீடு சிறியது, ஆனால் நிலைப்படியிலேயே நம் சிநேகிதி நின்றுவிட்டார். வாசலில் தொங்கிய திரை முழுவதும் புடவைக் கரைகளால் ஆனது. நடுப்பாகம் நைந்து போன புடவைகளிலிருந்து கரையை மட்டும் கிழித்தெடுத்து, அரக்கு, மாம்பழ நிறம், கிளிப்பச்சை என்று நெடுக்காகச் சேர்த்துத் தைத்திருந்தார். புடவையில் முதலில் நைவது உடல்; கடைசிவரை நிற்பது கரையும் முந்தியும். அந்த உண்மையை அறிந்த கைகள் செய்த திரை அது.

கால்மிதி மூன்று புரியாகப் பின்னிய கிழிசல்களை வட்டமாகச் சுற்றித் தைத்தது. தலையணைக்குள் இலவம் பஞ்சு. உறை ஒரு பழைய சுங்குடிப் புடவை. மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் வெளுத்து, கார்த்திகை மாதத்து மேகத்தினிடையே தெரியும் நட்சத்திரம் போல் மங்கலாக இருந்தன. பேரக் குழந்தைகள் ஒவ்வொருவரும் கிடந்த தூளி, மடித்து டிரங்குப் பெட்டியில் இருந்தது. சுவரில் முருகனும் லக்ஷ்மியும் சரஸ்வதியும் வரிசையாக நின்றார்கள். எல்லாம் ஆண்டு முடிந்த காலண்டர்கள். கோவில்பட்டியில் இருந்து சித்திரம் எழுதிய கொண்டையராஜு (1898-1976) தீட்டிய தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த வழி இதுவே. தேதி கிழிந்து போகும். தெய்வம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிவிடும். வீட்டு அலங்காரத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எந்த நாட்டில் இருக்கிறதோ, நாம் அறியோம்.

எல்லாவற்றிலும் மேலாக நம் கருத்தைக் கவர்ந்தது ஒரு விரிப்பு. நாலு பழைய வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் நூல்புடவை வைத்து, நெடுக ஓட்டுத் தையல் போட்டது. தொட்டால் பூனைக்குட்டியின் முதுகு மாதிரி இருந்தது. சிநேகிதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேள்விகளை அடுக்கினார். அம்மாச்சி சொன்ன பதில்களை நம் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறோம். பழந்துணியோடு புதுத்துணியைச் சேர்க்கக் கூடாது. முதல் சலவையில் புதுசு சுருங்கிப் பழசைக் கிழித்துவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் புதியதை இரண்டு மூன்று தடவை நனைத்து உலர்த்திச் சுருக்கம் போக்கிக்கொள்ள வேண்டும். தைக்கும் துணிகளின் பாவு நூல் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று நெடுக்கும் ஒன்று குறுக்குமாக வைத்தால் விரிப்பு கோணிக்கொள்ளும். நைந்த இடத்தைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கழித்துவிட வேண்டும். "கண்ணுக்கு நல்லா இருக்கேன்னு வச்சுத் தைச்சா, தையல் நிக்கும், துணி போயிரும்" என்றார். வேட்டியோ படுக்கை விரிப்போ நடுவில் நைந்துவிட்டால், அதை நெடுக்காக இரண்டாகக் கிழித்து, உறுதியாயுள்ள ஓரங்கள் இரண்டையும் நடுவில் வைத்துத் தைத்து, நைந்த பக்கத்தை ஓரமாக்கி மடித்தடித்தால், இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இந்த வித்தையை நம் பாட்டிமார்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். 1943-இல் துணிக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்து, நல்ல துணி கிடைப்பதே அரிதாயிருந்த யுத்த காலத்தில் குடும்பங்களின் மானத்தைக் காத்தது இதுதான். அதே 1943-இல் பிரிட்டிஷ் சர்க்கார் தன் நாட்டுப் பெண்களுக்குப் பழந்துணியைச் செப்பனிடும் முறையைச் சொல்லிப் புத்தகமே அச்சிட்டு வெளியிட்டது. நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை.

வங்காளத்தில் இதே வேலைக்குக் கந்தா என்று பெயர். பழம் புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே யானையும் தாமரையும் தேரும் தைத்துவிடுவார்கள். குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் கிராமம் கிராமமாகச் சுற்றி அவற்றைச் சேகரித்தார்; இல்லாவிட்டால் பல அடுப்படித் துணியாகவே முடிந்திருக்கும். கந்தா என்ற பெயருக்கும் நம்முடைய கந்தைக்கும் உள்ள உறவு வாசகர்களுக்குத் தானே விளங்கும். அங்கே அது கலை என்ற பட்டம் பெற்றது. இங்கே இன்னும் ஏழ்மையின் அடையாளமாகவே எண்ணப்படுகிறது. தேர்ச்சீலையிலும் தொம்பையிலும் துணிமேல் துணி வைத்துத் தைத்து அழகு செய்யும் தமிழர், அதே வேலையைப் படுக்கை விரிப்பில் கண்டால் முகம் சுளிப்பது ஏனோ!

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் கீஸ் பெண்ட் என்றொரு குக்கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வைகள் தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தவைதாம். 2002-இல் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்காட்சிச் சாலை அவற்றைச் சுவரில் மாட்டியது; 2006-இல் அந்நாட்டுத் தபால் தலைகளிலும் அவை ஏறிவிட்டன. முழங்கால் தேய்ந்த இடமும் பை பிரித்த தடமும் அந்தப் போர்வைகளில் அப்படியே தெரியும்.

உழைப்பாளியின் உடுப்பு என்றதும் ஆமத்தூருக்குத் திரும்பிவிடுகிறோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அரை நாள் வேலை முடிந்து மருமகள் வந்து சேர்ந்தாள். பட்டாசு ஆபீஸில் வேலை. (தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்லுகிறார்கள், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்.) புடவையின் மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று அணிந்திருந்தாள், கணவனுடைய பழைய சட்டை. கைமடிப்பில் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. அலுமினியத் தூள். "சட்டைய வெளியில கழட்டிப் போட்டுட்டு வர்றேன் அத்தை" என்று கொல்லைப்புறம் போய்விட்டாள். அந்தச் சட்டை வீட்டாருடைய துணிகளோடு சேர்ந்து ஒருநாளும் துவைபடுவதில்லையாம்.

அந்தச் சட்டை நூல்துணியாக இருக்க வேண்டும் என்பது சிக்கனத்துக்காகச் சொல்வதன்று. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை. பாலியஸ்டரோ அரைப் பங்குகூட வைத்துக்கொள்ளாது. ஆகையால் உராய்ந்தால் அதில் மின்சாரம் தங்கும். வறண்ட நாளில் அது சிறு பொறியாகத் தெறிக்கும். நமக்கு அது வெறும் 'சுருக்'கென்ற உணர்ச்சி. மருந்து கலந்த அறையில் அதற்கு அர்த்தமே வேறு. தீப் பற்றிவிட்டாலோ, பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரிச் சூட்டில் உருகி மெழுகு போல் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் பட்டாசு வேலைக்குப் பருத்தி உடையே உடுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் ஆண்டு தவறாமல் இந்த வட்டாரத்திலிருந்து அத்தகைய செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. துணி ஒன்று மட்டும் விபத்தைத் தடுத்துவிடாது. அறையில் ஆட்கள் மிகுவதற்கும் மருந்து மிகுவதற்கும் பொறுப்பாளிகள் வேறு. ஆனால் ஒரு பெண் தன் கையால் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய காப்பு இந்தத் துணி ஒன்றுதான்.

கஷ்டம் என்னவென்றால், அந்த நூல்துணி வீட்டில் இல்லை. 1941-இல் இங்கிலாந்தில் இரண்டு ரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்த இழை, டெரிலின் என்றும் டெரிகாட்டன் என்றும் பேர் மாற்றிக்கொண்டு வந்து நம் பெட்டிகளை எல்லாம் நிரப்பிவிட்டது. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், விலையும் மலிவு. குடும்ப ஸ்திரீகளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருந்தவை ஆறு நூல்புடவைகள். முன்பு இருந்த பல, தெருவில் கூவி வந்த பாத்திரக்காரனிடம் பிளாஸ்டிக் வாளிக்கும் எவர்சில்வர் தட்டுக்கும் மாறிப் போயின. "வாளி ஓட்டையாப் போச்சு, சேலை இருந்தா இப்பவும் ஆகும்" என்றார், வருத்தமாகவுமல்ல, சாதாரணமாக.

எது முழு நூல், எது கலப்பு என்று கண்டறிய அம்மாச்சியிடம் ஒரு முறை இருக்கிறது. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி அடுப்பில் காட்டுவார். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் நூல். சுருண்டு, கறுத்து, கடுகு மாதிரி கெட்டியானால் மற்றது. நம் சிநேகிதி அதைக் குறித்துக்கொண்டார். சோதனையை வீட்டு அடுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஆமத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூலையில் ஒரு பழைய மிதி யந்திரம் இருந்தது. தையல் யந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சம்பாஷணை ஞாபகம் வரும். 1924-இல் ஜி. ராமச்சந்திரன் (1947-இல் சௌந்தரம் அம்மையாருடன் காந்திகிராமத்தை நிறுவியவர்) மகாத்மாவிடம் யந்திரங்களைப் பற்றி வாதித்தார். எல்லா யந்திரங்களுக்குமா தாங்கள் விரோதி என்று அவர் கேட்டபோது, சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார் காந்தியடிகள். மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினால் கண்டுபிடித்தது அது என்பது அவர் சொன்ன காரணம். 1851-இல் அதற்கு உரிமை பெற்ற சிங்கரின் சரித்திரத்தைப் படித்தால், அவரைத் தூண்டியது அன்பைவிட லாபம்தான் என்று தெரிகிறது. இருந்தாலும் அந்த மூலையில் இருந்த யந்திரத்தைப் பொறுத்தவரை மகாத்மா சொன்னதே சரி என்று தோன்றியது.

ஏனென்றால், முகம் கழுவி வந்த மருமகள் விரிப்பையும் திரையையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே நம் சிநேகிதியின் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சர், வேட்டியில வேலைக்குச் சட்டை தைக்க முடியுமா? கடையில வாங்குறது எல்லாம் கலப்படமா இருக்கு" என்று கேட்டாள். முடியும் என்றார் சிநேகிதி. அச்சில் வர்ணம் விலகிக் கழிக்கப்பட்ட காலண்டர் தாள் ஒன்று பெட்டிக்கு அடியில் விரித்திருந்தது. அதை உருவித் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் அளவு குறிக்கத் தொடங்கினார். கழுத்து ஒட்டினாற்போல, முழுக்கை, மணிக்கட்டில் துணி நாடா, முன்புறம் மூடி முதுகில் கட்டிக்கொள்ளும்படி. வேட்டி மெல்லியது, ஆகையால் இரட்டையாக மடித்து ஓட்டுத் தையல், விரிப்புக்குப் போட்டது போலவே. இரண்டு வேட்டிக்கு ஒரு சட்டை ஆகும். பழக்க தோஷத்தால் இடுப்புக்குக் கீழே இரண்டு பைகளும் வரைந்துவிட்டார்.

"பை வேண்டாம், டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "பையில மருந்து சேரும்."

சிநேகிதி பைகளை அடித்துவிட்டு, கைக்கு அளவெடுக்க நாடாவை நீட்டினார். அம்மாச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து, விரிப்புக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டிகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.