கடலோரமா, மலைமுகடா?

பணி ஓய்வுக்குப் பின் எந்த ஊரில் குடியிருப்பது என்னும் கேள்வி, வாழ்நாளின் பெரும்பகுதியை வாடகை வீடுகளிலேயே கழித்த எம்போன்ற குடும்பங்களுக்கு ஒருநாள் வந்தே தீரும். பிள்ளைகள் இருவரும் மணமாகித் தொலைவூர்களில் வாழ்கின்றனர். மதுரையின் வெயிலும் இரைச்சலும் எங்கள் முதுமைக்கு ஏற்றவையல்ல என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் அடுத்த ஊரைப் பற்றியதே. எங்களுள் ஒருவருக்குக் கடல்மீது விருப்பம், மற்றவருக்கு மலைமீது. ஆகவே வாதாடுவதை விடுத்து, ஒரு மலையூரிலும் ஒரு கடலோர ஊரிலும் சில நாள்கள் தங்கிப் பார்த்தபின் முடிவு செய்வதெனப் புறப்பட்டோம். எங்கள் பட்டறிவு இதே கேள்வியோடு இருக்கும் பிற இல்லங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

முதலில் மலைக்குச் சென்றோம். கொடைக்கானல் நகருக்கு மேற்கே உள்ள ஊர்களை மேல்மலைக் கிராமங்கள் என்பர். அவற்றுள் ஒன்றான பூம்பாறை, நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. சாலையின் திருப்பமொன்றில் நின்று நோக்கினால், சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களும், அவற்றின் நடுவே ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகளும் கண்கொள்ளாக் காட்சியாகும். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் மண் இது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு உலர்த்தும் வீடுகளைக் கடந்து நடக்கையில், அதன் மணம் நம்முடனேயே வருகிறது.

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 6 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். மதுரையில் வியர்த்துக் கொட்டும் வேளையில் இங்கே கம்பளி தேவைப்படுவதன் காரணம் இதுவே. ஆனால் அதே உயரம் வேறொன்றையும் குறைத்துவிடுகிறது. அங்குள்ள காற்றின் அழுத்தம், கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே ஆகும். இளையோர் இதனை உணர்வதில்லை. இதயத்திற்கு மருந்து உட்கொள்ளும் எங்களுள் ஒருவரோ, தெருப்படிகளை ஏறி முடிப்பதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு மதுரை வரவேண்டுமெனில், நகரிலிருந்தே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இறங்கும் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையைத் தாக்கியபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டதை ஊரார் இன்னும் மறக்கவில்லை.

மனைவியை இழந்த முதியவர் ஒருவரை அவ்வூரில் சந்தித்தோம். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறாராம். "தனியாக இருப்பது கடினமாக இல்லையா, ஐயா?" என்று வினவினோம். "தனியா எங்கே இருக்கேன்? காலையிலே என் அடுப்புப் புகையலேன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டிருவாங்களே!" என்று சிரித்தார் அவர்.

அச்சொல் எங்கள் உள்ளத்தில் தைத்தது. ஏனெனில் எங்களுக்கு விலைபேசப்பட்ட மனை அத்தெருவில் இல்லை. ஊரைவிட்டு விலகி, சரிவை மட்டப்படுத்திப் பிரித்த நிலத்தில் இருந்தது. அங்கே ஏற்கெனவே எழுந்துள்ள வீடுகள் வெளியூராருடையவை. கோடை விடுமுறையில் திறந்து, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடப்பவை. அடுப்புப் புகைகிறதா என்று எட்டிப் பார்க்க அங்கே எவருமில்லை. மலைக்குப் பாரமும் கூடிவிட்டது. கோடைக்கால வாகன நெரிசல் பொறுக்க இயலாத அளவிற்குப் பெருகியதால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை தொடங்கப்பட்டது. பூண்டு விளையும் மண்ணில் பூட்டிய வீடு ஒன்றை நாமும் கூட்ட வேண்டுமா என்ற எண்ணமும் எழுந்தது.

அடுத்துக் கடற்கரைக்குச் சென்றோம். திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் உள்ளது மணப்பாடு. வழியெங்கும் பனைகள்; உடன்குடிக் கருப்பட்டியின் நாடு இது. கடலை நோக்கி நீண்ட மணற்குன்றின்மேல், 1581ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரின் நினைவாக, குன்றின் ஓரத்துக் குகையொன்றை மக்கள் போற்றி வருகின்றனர். செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு இங்கு வந்து சென்ற வாசகர் பலர் இருப்பர்.

ஆயினும் திருவிழாவுக்கு வருவது வேறு, குடியிருப்பது வேறு. கடற்காற்று உடலுக்கு இதம், வீட்டிற்கோ பகை. சன்னல் கம்பியும் கதவுக் கீலும் சில ஆண்டுகளிலேயே துருவேறி உதிர்கின்றன. குடிநீரின் கதையும் அத்தகையதே. கடலோர மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது அறிவியல் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்பு அதே 40 அடிக்கு மேலேறக்கூடும். ஆகவே இங்கே கிணற்றில் அளவறிந்து இறைப்பதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமையே.

கடலின் சீற்றத்தையும் மறத்தலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடலோரத்தைப் புரட்டிப் போட்டது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், மீன்பிடிக்கச் சென்ற குமரி மாவட்டத்தார் பலரைத் திரும்ப விடவில்லை. இடர் இல்லாத ஊர் மலையிலும் இல்லை; கரையிலும் இல்லை.

பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த அம்மாள் ஒருவரிடம், தெருவில் காலியாக இருந்த சிறு வீட்டைப் பற்றி விசாரித்தோம். அவரும் கணவரை இழந்தவரே. "படகு கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் இந்தத் தெருவுலே யாருக்கும் தூக்கம் வராதும்மா. அவர் போன பிறகு இந்தத் தெருதான் என்னையப் பார்த்துக்கிடுது" என்றார். பிறகு கையை நிறுத்தி, எங்களை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டார்: "நீங்க திருவிழாவுக்கு மட்டும் இருப்பீங்களா, ஊர்ச் சாவுக்கும் வருவீங்களா?"

அன்றிரவு எங்களுக்குள் நெடுநேரம் உரையாடினோம். இத்தனை நாளும் எங்கே காற்று நல்லது, எங்கே காட்சி அழகு என்றே பேசி வந்தோம். பேசாமல் ஒதுக்கி வைத்த ஒன்று உண்டு. எங்களுள் ஒருவர் முன்னே செல்வது உறுதி. அப்போது எஞ்சியிருப்பவரை எந்த ஊர் தாங்கும்? இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்ட மாத்திரத்தில், கடலா மலையா என்ற வழக்குச் சிறுத்துப் போயிற்று. கூப்பிடு தொலைவு என்று நம் முன்னோர் ஓர் அளவு வைத்திருந்தனர். குரல் கொடுத்தால் மற்றொருவர் செவியில் விழும் தூரம் அது. முதுமையில் வீடு பார்ப்போருக்கு அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

அவ்வளவுகோலின்படி, பூம்பாறைத் தெருவும் மணப்பாட்டுத் தெருவும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. ஆனால் மலையில் எங்களுக்குக் கிடைக்கக்கூடியது தெருவுக்கு வெளியே. கரையில் கிடைப்பது தெருவுக்கு உள்ளே. மேலும், சமநிலத்தில் 18 கிலோமீட்டர் சென்றால் திருச்செந்தூரில் அரசு மருத்துவமனை. ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆகவே மணப்பாட்டு வீட்டை முதலில் ஓராண்டு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அத்தெருவில் நாங்கள் உறவினருமல்லர், கடல்தொழில் அறிந்தவருமல்லர். அந்த அம்மாளின் கேள்விக்கு வாய்ச்சொல்லால் விடை கூற முடியாது. தெருவின் துக்க வீடுகளுக்கு நடந்து சென்றே கூற வேண்டும்.

இல்லம் தேடும் அன்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். விடுமுறைக் காலத்தில் மட்டும் ஊரைப் பார்க்காதீர்கள். மழையிலும் ஆடிக்காற்றிலும் ஒருமுறை பாருங்கள். மருத்துவமனைக்குப் பகலில் மட்டுமன்றி நள்ளிரவில் செல்ல என்ன வழி என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கணவனும் மனைவியும் அந்தக் கசப்பான கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையை விரும்பியவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி, கொடைக்கானல் பகுதியில் 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். இருவரும் இருந்தால் இருவருமாகவும், ஒருவரே எஞ்சினால் தெருவில் யாரையேனும் துணைக்கு அழைத்துக்கொண்டும் சென்று பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.